பாயின்ட் டூ-டூ பிஸ்டல்: ஒப்பிட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஏர் பிஸ்டலில் ஓரளவு கை பழகியதும், "அண்ணா, அடுத்து பாயின்ட் டூ-டூ (.22 அங்குலத் தோட்டா பிஸ்டல்). எந்தக் கம்பெனி நல்லது?" என்று கேட்டு வரும் தம்பி தங்கைகளிடம் நான் சொல்வது ஒன்றுதான்: "கையை நீட்டு, பார்க்கலாம்." ஒரு கிலோ மல்கோவா வாங்கவே பத்துப் பழத்தை முகர்ந்து பார்க்கிற சேலத்துக்காரர்கள், பிஸ்டலை மட்டும் வீடியோ பார்த்து முடிவு செய்வது எனக்குப் புரிவதே இல்லை.

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி இதற்கு லைசென்ஸ் வேண்டும். அது கைக்கு வரும்வரை, கீழே சொல்கிற சோதனைகள் எல்லாம் ரேஞ்சில் (சுடும் பயிற்சிக் களத்தில்), பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்தான்.

பாயின்ட் டூ-டூ பிஸ்டல் ரிம்ஃபயர் வகை. ரிம்ஃபயர் என்றால் என்ன? தோட்டாவின் அடிவிளிம்புக்குள் தீப்பற்றும் மருந்து இருக்கும். ஊசி அந்த விளிம்பில் அடித்ததும் வெடிக்கும். குழலின் உள்விட்டம் 5.6 மி.மீ. செமி-ஆட்டோமேட்டிக்கில், வெடித்த வேகமே காலித் தோட்டாக் கூட்டை வெளியே எறிந்து அடுத்த தோட்டாவை ஏற்றிவிடும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் டிரிகரைத் தனியாக அழுத்த வேண்டும்.

முதல் படி: விதிக்குள் அடங்குமா?

சர்வதேசப் போட்டி விதிப்படி 25 மீட்டர் போட்டிக்கான பிஸ்டலின் எடை 1400 கிராமைத் தாண்டக்கூடாது, குழலின் நீளம் 153 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. பிஸ்டல் முழுவதும் 300 × 150 × 50 மி.மீ. பெட்டிக்குள் அடங்க வேண்டும். ஸ்மித் அண்ட் வெஸன் மாடல் 41 அருமையான பிஸ்டல்தான். ஆனால் அதன் 7 அங்குலக் குழல் 178 மி.மீ. வந்துவிடும், போட்டிக்கு ஆகாது. அதே மாடலில் ஐந்தரை அங்குலம் என்றால் சரி.

இரண்டாம் படி: கண்ணை மூடு

நான் அதிகம் நம்புவது இந்தச் சோதனையைத்தான். தோட்டா இல்லை என்று பயிற்சியாளர் சரிபார்த்த பிஸ்டலை, சுடும் கோட்டில் நின்று இலக்கை நோக்கிப் பிடியுங்கள். கண்ணை மூடி, கையைத் தாழ்த்தி, மறுபடி உயர்த்தி, கண்ணைத் திறங்கள். முன் சைட் (குறிபார்க்கும் முனை) பின் சைட்டின் பள்ளத்துக்கு நடுவில் நிற்கிறதா? ஒரே பக்கமாக ஒதுங்கி நின்றால் அந்தப் பிடி உங்கள் கைக்கானது அல்ல. பத்து முறை செய்து பாருங்கள். இது விளையாட்டுக்காகச் சொல்வதில்லை. போட்டியின் வேகப் பகுதியில் இலக்கு தெரிவது 3 விநாடிதான். அதற்குள் தாழ்ந்த கையை உயர்த்திச் சுட வேண்டும். அங்கே போய் சைட்டைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

ரூகர் மார்க் IV, பிரவுனிங் பக் மார்க் போன்றவற்றில் மேகசின் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) பிடிக்குள் போகும். வால்தர் ஜி.எஸ்.பி., பார்டினி எஸ்.பி. இரண்டிலும் டிரிகருக்கு முன்னால் இருக்கும். இதனால் முன்பாரம் கூடும், பிடியைக் கைக்கேற்பச் செதுக்கவும் இடம் கிடைக்கும். உள்ளங்கையைத் தாங்கும் பலகையை ஏற்றி இறக்கலாம். நம் சித்திரை வெயிலில் கை வியர்க்கும்போது மரப்பிடியின் அருமை தெரியும்.

மூன்றாம் படி: டிரிகர்

விடுபடாமல் டிரிகர் குறைந்தது 1000 கிராம் எடையைத் தாங்க வேண்டும். குழலை மேல்நோக்கிப் பிடித்து, டிரிகரில் எடைக்கல்லைத் தொங்கவிட்டுத் தூக்கிப் பார்ப்பார்கள். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு நிறுப்பதைவிடக் கறாராக! ஆனால் எடையைவிட முக்கியம், டிரிகர் எங்கே விடுபடுகிறது என்பது. இழுக்கும்போது ஓரிடத்தில் நின்று, அப்புறம் கண்ணாடிக் குச்சி ஒடிவதுபோல விட வேண்டும். மணலில் இழுப்பதுபோல் நறநறத்தால் வேண்டாம்.

நான்காம் படி: சுட்டுப் பாருங்கள்

ஒரே பெட்டித் தோட்டாவில் எல்லாப் பிஸ்டலையும் சுடுவது நியாயமாகத் தோன்றும். அது பாதிதான் சரி. ஒவ்வொரு பிஸ்டலுக்கும் பிடித்த தோட்டா வேறு. ஸ்டாண்டர்டு வெலாசிட்டி (சாதாரண வேகத் தோட்டா) என்பதில் இரண்டு மூன்று வகை வாங்கி, ஒவ்வொன்றிலும் ஐம்பது சுட்டு, எத்தனை முறை சிக்கியது என்று எழுதிவையுங்கள். விளிம்புள்ள தோட்டா என்பதால், மேகசினில் போடும்போது மேல் தோட்டாவின் விளிம்பு கீழ் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய்விட்டால் நிச்சயம் சிக்கும். அதைப் பிஸ்டலின் குற்றமாக எழுதாதீர்கள்.

நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். ஒரே காலையில் மூன்று பிஸ்டலை வரிசையாகச் சுட்டு, மூன்றாவது மோசம் என்று தள்ளிவிட்டேன். அடுத்த வாரம் வரிசையை மாற்றினேன். அதே பிஸ்டல் முதலிடம்! சோர்ந்துபோனது என் தோள்பட்டைதான். ஆகவே ஐந்தைந்து ஷாட்டாக மாற்றி மாற்றிச் சுடுங்கள், நடுவில் உட்கார்ந்து தண்ணீர் குடியுங்கள்.

கடைசியாக, கழற்றிச் சுத்தம் செய்வது. 2016இல் வந்த மார்க் IV ஒரு பொத்தானை அழுத்தினால் பிரிந்துவிடும். எல்லாமே அப்படி இல்லை. விற்பவர் முன்னாலேயே நீங்கள் ஒருமுறை கழற்றி மாட்டிக் காட்டுங்கள். அவர் காட்டுவது கணக்கில் வராது.