வெளியே போடும் ஸ்டீல் நாற்காலி: கவிழ்த்துப் பார்த்து வாங்குங்கள்

ஸ்டீல் நாற்காலி வாங்கப் போனால் நான் உட்கார்ந்து பார்ப்பதற்கு முன்னால் கவிழ்த்துப் பார்ப்பேன். 15 வருஷமாக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வெல்டிங்தான் என் வேலை. மேலே எல்லாமே பளபளவென்றுதான் இருக்கும். துரு அடியில், பற்றவைத்த இடத்தில் ஆரம்பிக்கும்.

இந்த ஸ்டீலைக் காப்பாற்றுவது அதிலுள்ள குரோமியம். காற்றுப் பட்டதும் மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் உருவாகும். கீறினாலும் அது தானாகவே மறுபடி மூடிக்கொள்ளும். ஆனால் உப்பும் ஈரமும் ஒரே இடத்தில் தங்கிவிட்டால் அந்தப் படலம் தாங்காது.

அதனால் கிரேடை, அதாவது ஸ்டீலின் வகையைச் சொல்லும் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். 202-இல் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்திருப்பார்கள்; வீட்டுக்குள் சரி, வெளியே வேண்டாம். சாதாரண முற்றத்துக்கு 304 போதும். அதில் சுமார் 18% குரோமியம், 8% நிக்கல். கடல் காற்று அடிக்கிற இடம், நீச்சல் குளத்து ஓரம் என்றால் 316 வாங்குங்கள். அதில் 2 முதல் 3% வரை மாலிப்டினம் இருக்கும், உப்பைத் தாங்குவது அதனால்தான். காந்தத்தை நம்ப வேண்டாம். 202-இலும் காந்தம் ஒட்டாது. நல்ல 304-கூட வளைத்த இடத்தில் லேசாக இழுக்கும். பில்லில் கிரேடை எழுதித் தரச் சொல்லுங்கள்.

இப்போது கவிழ்த்துப் பாருங்கள். காலும் சட்டமும் சேரும் இடத்தில் நீலமோ பழுப்போ படிந்திருந்தால், வெல்டிங் சூட்டில் வந்த கறையைச் சுத்தம் செய்யாமல் விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தக் கறைக்கு அடியில் குரோமியம் குறைந்து போயிருக்கும். அதை ஆசிட் பேஸ்ட் போட்டு எடுத்திருக்க வேண்டும். அங்கங்கே புள்ளி வைத்தது போலப் பற்றவைத்திருந்தாலும் வாங்காதீர்கள், இடுக்கில் உப்புத் தண்ணீர் போய் உட்கார்ந்துகொள்ளும். போல்ட், வாஷர் எல்லாம் ஸ்டெயின்லெஸ்தானா என்றும் பாருங்கள்.

ஆரம்பத்தில் ஒருமுறை, சாதாரண இரும்பு தேய்த்த அதே டிஸ்க்கால் ஒரு பெஞ்சைத் தேய்த்துவிட்டேன். முதல் மழைக்கே தேய்த்த இடமெல்லாம் மிளகாய்த்தூள் தூவியது போலச் சிவப்புப் புள்ளி. ஒட்டியிருந்த இரும்புத் துகள்தான் துருப்பிடித்தது. அதனால்தான் கம்பி நாரால் தேய்க்காதீர்கள் என்று எல்லோரிடமும் மன்றாடுகிறேன்.

பராமரிப்பு பெரிய வேலையில்லை. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர், மெல்லிய துணி. பாலிஷ் கோடு போகிற திசையிலேயே துடைத்து, நல்ல தண்ணீரில் அலசி, ஈரத்தை ஒற்றி எடுங்கள். கடலோரம் என்றால் மாதம் ஒருமுறை, மற்ற இடங்களில் வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை. கூரைக்கு அடியில் இருப்பதைத்தான் அடிக்கடி கழுவ வேண்டும். வெளியில் கிடப்பதன் உப்பை மழை கழுவிவிடும், உள்ளே இருப்பதில் அது அப்படியே படிந்து கிடக்கும். டீக்கறை மாதிரி பழுப்பு படிந்தால் சிட்ரிக் ஆசிட் கலந்த கிளீனர் போட்டால் போய்விடும். பிளீச்சும் பாத்ரூம் ஆசிடும் பக்கத்திலேயே போகக் கூடாது, இரண்டும் அந்தப் படலத்தையே தின்றுவிடும்.

அப்புறம், கால் நுனியில் இருக்கும் பிளாஸ்டிக் புஷ். மழைக்காலம் முடிந்ததும் அதைக் கழற்றுங்கள். பைப்புக்குள் தேங்கிய தண்ணீரை வடித்து, ஒரு நாள் வெயிலில் காயவிட்டு மாட்டுங்கள்.