முழங்கால் தண்ணீரில் மீன்: குளிர்கால ஸ்டீல்ஹெட் பிடிக்கப் பழகுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாஷிங்டன் மாநிலத்துக்குக் குடிவந்து ஃப்ளை தூண்டில் (இறகும் நூலும் சுற்றிய ‘ஃப்ளை’ கொக்கியை இரைபோலக் காட்டி மீன் பிடிப்பது) பழகும் நம்மவர்கள் சிலரை நாலைந்து குளிர்காலமாக ஆற்றுக்குக் கூட்டிப் போகிறேன். ஆரம்பத்தில் நான் செய்த அதே தவறுகளை ஒன்று விடாமல் செய்கிறார்கள். முடிச்சு அவிழ்வது, லைன் மரக்கிளையில் சிக்குவது எல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஸ்டீல்ஹெட் வேறு எதுவுமில்லை, ரெயின்போ டிரவுட்தான். ஆற்றில் பிறந்து, பசிபிக் கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிடத் திரும்பி வருகிறது. குளிர்காலக் கூட்டம் டிசம்பர் வாக்கில் ஆறுகளில் ஏறத் தொடங்கும். வரும் மீன்கள் குறைவு. நாலைந்து நாள் வீசி ஒரு தடவை இழுபட்டாலே நல்ல வாரம். அதனால்தான் ஒரு தவறு இவ்வளவு வலிக்கிறது.

வீசுவதற்கு முன்பே ஆற்றில் இறங்குவது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது.

போன ஜனவரியில் நண்பரின் தம்பியை ஹோ ஆற்றுக்கு அழைத்துப் போயிருந்தேன். ஒலிம்பஸ் மலையின் பனிப்பாறைகளிலிருந்து வரும் ஆறு அது. அன்று பச்சையும் சாம்பலும் கலந்த நிறம். முழங்கால் ஆழத்தில் நின்றால் பாதம் மங்கலாகத் தெரியும். அப்படி ஒரு நிறத்துக்காக வாரக்கணக்கில் காத்திருப்போம். நான் வண்டியைப் பூட்டிவிட்டு வருவதற்குள் தம்பி தண்ணீருக்குள் நடந்துகொண்டிருந்தான். "அண்ணா, அந்தப் பாறைக்கு அடியில நல்ல ஆழம். இடுப்பளவுக்குப் போனா எட்டிடும்" என்றான். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், அவன் காலுக்கு ஆறடி தள்ளி, தொடையளவுகூட இல்லாத தண்ணீரில், மேற்பரப்பு திடீரென்று புடைத்தது. ஒரு அலை கூராகக் கிழித்துக்கொண்டு நடு ஆற்றுக்குப் போனது. அது கிளம்பிய இடத்தில் சேறு புகைபோல எழுந்து மெல்லக் கலைந்தது. அவன் கண் எதிர்க்கரைப் பாறையிலேயே இருந்ததால் எதையும் பார்க்கவில்லை. அதன் பிறகு இரண்டு மணி நேரம் அந்தப் பாறையை நோக்கியே வீசினான்.

அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஸ்கைகோமிஷ் ஆற்றில் என் முதல் குளிர்காலம் முழுக்க நானும் இடுப்பளவு தண்ணீரில்தான் நின்றேன். ஒரு நாள் எனக்குப் பின்னால் வந்த வயதானவர் ஒருவர், நான் நடந்து போன அதே தடத்தில், காலணி நனையாமல் நின்று ஒரு மீன் பிடித்தார். விட்டுவிட்டு என்னிடம் வந்து, "நீ நிற்கிற இடத்தில்தான் மீனும் நிற்கும்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தைப் புரிந்துகொள்ள எனக்கு இன்னொரு குளிர்காலம் ஆனது.

காரணம் எளிது. மழைக்குப் பிறகு ஆறு பெருகும்போது நடு ஆற்றில் வேகம் அதிகம். மேலே ஏறும் மீன் வீணாகச் சக்தியைச் செலவழிக்காது. ஆள் நடக்கிற வேகத்தில் தண்ணீர் போகும் ஓரத்தைத் தேடி வரும். கலங்கல் அதை மறைத்துக்கொள்வதால் இரண்டு மூன்று அடி ஆழத்திலும் பயமில்லாமல் நிற்கும். தண்ணீர் தெளிந்து வற்றும்போதுதான் ஆழத்துக்கு ஒதுங்கும்.

அதனால் ஓட்டத்தின் தலைமாட்டில், காய்ந்த கூழாங்கல்லில் நின்று தொடங்குங்கள். ரீலிலிருந்து கம்பின் நீளம் அளவுக்கு மட்டும் லைன் எடுத்து வீசுங்கள். பார்க்க அழகாக இருக்காது, பரவாயில்லை. ஃப்ளை நீரோட்டத்தில் குறுக்கே வளைந்து உங்களுக்கு நேர் கீழே வந்து நிற்கும் வரை விடுங்கள். நின்ற பிறகும் பத்து எண்ணுங்கள். கூடவே வந்த மீன் பல நேரம் அப்போதுதான் கவ்வும். அப்புறம் இரண்டடி லைன் கூட்டி மறுபடி வீசுங்கள். வசதியாக வீசும் நீளம் வந்ததும், ஒரு வீச்சுக்கு இரண்டு எட்டு என்று கீழே நகருங்கள். தேவைப்பட்டால் முழங்கால் வரை இறங்கலாம். அதற்கு மேல் இறங்க எனக்கு அபூர்வமாகத்தான் தேவைப்பட்டிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. குளிர்காலக் கடைசியில், மார்ச் வாக்கில், ஆற்றின் ஓரங்களில் சில இடங்களில் கற்கள் கழுவி வைத்ததுபோல வெளிறித் தெரியும். பெண் மீன் வாலால் அடித்துத் தோண்டி முட்டையிட்ட இடம் அது. அதில் கால் வைத்தால் அடுத்த தலைமுறையையே மிதிக்கிறோம். சியாட்டிலை ஒட்டிய பியூஜெட் சவுண்ட் கடற்பகுதியில் சேரும் ஆறுகளின் ஸ்டீல்ஹெட்டை 2007-லேயே அழியும் அபாயமுள்ள இனமாக அறிவித்துவிட்டார்கள். பார்த்து நடங்கள், சுற்றிப் போங்கள்.

எடை கூடிய முனை

அடியில் உரச வேண்டும் என்று நினைத்து எல்லோரும் லைனின் நுனியில் டி-14 என்ற, தண்ணீரில் மூழ்கும் முனையைக் கட்டுகிறார்கள். அடிக்கு 14 கிரெயின் எடை அது. ஓரத் தண்ணீரில் வீச்சுக்கு வீச்சு கல்லில் மாட்டும். தன் தலைக்கு மேலே போவதை ஸ்டீல்ஹெட் எழும்பி வந்து கவ்வும்; வயிற்றுக்குக் கீழே போவதைக் கண்டுகொள்ளாது. பத்தடி டி-8 அல்லது டி-11 பெரும்பாலான இடங்களுக்குப் போதும்.

இழுத்ததும் கம்பைத் தூக்குவது

டிரவுட் பிடித்துப் பழகியவர்களின் கை தானாக மேலே போகும். ஃப்ளை உங்களுக்குக் கீழே, மீனின் முகத்துக்கு எதிரே இருக்கிறது. கம்பைத் தூக்கினால் அது வாயிலிருந்து நேராக வெளியே வந்துவிடும். மீன் திரும்பட்டும், ரீல் சுற்றட்டும். அது இழுத்துக்கொண்டு ஓடத் தொடங்கிய பிறகு கம்பைக் கரைப்பக்கமாகத் தாழ்வாகச் சாய்த்தால் கொக்கி கடைவாயில் ஏறும். சொல்வதற்கு மூன்று நொடி. பழக எனக்கு ஆறு மீன் ஆனது, ஆறும் போயிற்று.

ஒரே இடத்தில் வேர்விட்டு நிற்பது

பின்னால் ஆள் காத்திருக்கிறார். நகருங்கள்.

வேடரின் (தண்ணீர் புகாத மார்பளவு உடை) இடுப்பு வாரைக் கட்டாமல் இறங்குவது

தண்ணீர் நாலைந்து டிகிரி. வழுக்கி விழுந்தால் அது உடைக்குள் புகும். கட்டுங்கள், இறுக்கமாக.

மீனைத் தூக்கிப் படம் எடுப்பது

முதுகில் வாலுக்கு முன்னால் இருக்கும் சின்னச் சதைத் துடுப்பு வெட்டப்பட்டிருந்தால் அது பண்ணையில் வளர்த்து விட்ட மீன். துடுப்பு முழுதாக இருந்தால் காட்டு மீன்; விட்டுவிட வேண்டும். வாஷிங்டனில் அதைத் தண்ணீரை விட்டு முழுதாகத் தூக்குவதே சட்டப்படி குற்றம். பசிபிக் சால்மன்கள் முட்டையிட்டதும் செத்துவிடும். ஸ்டீல்ஹெட்டில் சில கடலுக்குத் திரும்பிப் போய் மறுபடியும் வரும். எதிர்முள் இல்லாத கொக்கியைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துக் கழற்றுங்கள். படம் வேண்டுமென்றால், மீன் பாதி தண்ணீரில் கிடக்க, நீங்கள் மண்டியிட்டு எடுத்துக்கொள்ளலாம்.

நீர்மட்டம் பார்க்காமல் கிளம்புவது

ஹோ பள்ளத்தாக்கின் மழைக்காட்டில் வருடத்துக்கு மூன்றரை மீட்டர் அளவில் மழை பெய்யும். சியாட்டிலில் வெயில் அடிப்பதை நம்பி நாலு மணி நேரம் வண்டி ஓட்டிப் போய், காப்பி நிறத்தில் மரங்களை உருட்டிக்கொண்டு போகும் ஆற்றைப் பார்த்துத் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். முந்தின இரவு யு.எஸ்.ஜி.எஸ். (அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம்) தளத்தில் ஆற்றின் நீர்மட்ட வரைபடத்தைப் பாருங்கள். ஏறிக்கொண்டிருந்தால் படுத்துத் தூங்கலாம். உச்சத்தைத் தாண்டி ஒன்றிரண்டு நாளாக இறங்கிக்கொண்டிருந்தால், அலாரத்தை மூன்று மணிக்கு வையுங்கள்.