சிந்தோகு செய்கிறவர்கள் சறுக்கும் இடங்கள்

சூடான ராமென் நூடுல்ஸை ஊதி ஊதிச் சாப்பிடுவது ஒரு தொல்லை. சாப்ஸ்டிக்கிலேயே குட்டி மின்விசிறியைப் பொருத்திவிட்டால்? இந்த மாதிரி சாமான்களுக்கு ஜப்பானில் சிந்தோகு என்று பெயர். ‘சின்’ என்றால் விசித்திரம், ‘தோகு’ என்றால் கருவி. தபால்வழி விற்பனை இதழ் ஒன்றின் ஆசிரியராக இருந்த கென்ஜி கவகாமி, 1980-களில் மீந்த பக்கங்களை நிரப்ப, யாரும் ஆர்டர் செய்ய முடியாத பொருட்களின் படங்களைப் போட்டார். அங்கே தொடங்கியது இது. பிறகு பத்து விதிகளும் வந்து சேர்ந்தன.

செய்து பார்க்கக் கிளம்புகிறவர்கள் முதல் அடியிலேயே சறுக்குவது, சிரிக்க வைக்க வேண்டும் என்று தொடங்குவதால்தான். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை தெரியும் அல்லவா? சிந்தோகு ஏறக்குறைய அதுதான். ஒரே நிபந்தனை, வீடு எரிந்தாலும் எலி செத்திருக்க வேண்டும். தவழும் குழந்தையின் உடுப்பில் துடைப்ப நூல்களைத் தைத்த ‘குழந்தை மாப்’ நிஜமாகவே தரையைத் துடைக்கும். மகரந்த ஒவ்வாமையால் மூக்கு ஒழுகும் பருவத்தில் தலையில் கட்டிக்கொள்ளும் டாய்லெட் பேப்பர் உருளை, கேட்ட நேரத்தில் காகிதம் தரும். அதோடு தெருவில் இறங்க முடியாது என்பது வேறு விஷயம். சீப்பில் மணி கட்டினால் சிந்தோகு ஆகாது. அந்த மணியால் தீரவேண்டிய குறை யாருக்கும் இல்லை. நகைச்சுவை மட்டுமே நோக்கமாக இருக்கக் கூடாது என்று பத்து விதிகளில் ஒன்றே சொல்கிறது.

வரைபடத்தோடு நின்றுவிடுவது அடுத்த தவறு. பொருள் கையில் பிடிக்கும்படி இருந்தாக வேண்டும். திரையில் அழகாகச் சுழலும் முப்பரிமாணப் படம் கணக்கில் வராது. செய்ய உட்கார்ந்தால்தான் வேடிக்கையே இருக்கிறது.

விசிறிச் சாப்ஸ்டிக்கையே எடுத்துக்கொள்வோம். எடை குறையட்டும் என்று பலரும் சிஆர் 2032 பட்டன் பேட்டரியைப் போடுகிறார்கள். அதுவும் 3 வோல்ட், மோட்டாரும் 3 வோல்ட், பிறகென்ன என்று தோன்றும். ஆனால் பொம்மை மோட்டார் கிளம்பும்போதே 100 மில்லிஆம்பியருக்கு மேல் இழுக்கும். கடிகாரத்துக்கும் ரிமோட்டுக்கும் சொட்டுச் சொட்டாக மின்சாரம் கொடுக்கப் பிறந்த பட்டன் பேட்டரி அதைத் தாங்காது. வோல்டேஜ் சட்டென்று விழும், விசிறி ஒருமுறை நடுங்கிவிட்டு நின்றுபோகும். 1.5 வோல்ட் ஏஏஏ பேட்டரி இரண்டைத் தொடராக இணையுங்கள். இரண்டும் சேர்ந்து 20 கிராமைத் தாண்டும் என்பதால் குச்சியில் கட்ட வேண்டாம். மணிக்கட்டுப் பட்டையில் வைத்து மெல்லிய ஒயரை மேலே கொண்டுபோங்கள்.

மோட்டாரை எந்தக் குச்சியில் கட்டுவது என்று யாரும் யோசிப்பதில்லை. சாப்ஸ்டிக் பிடிக்கையில் மேல்குச்சிதான் ஆடும், கீழ்க்குச்சி கட்டைவிரல் இடுக்கில் அசையாமல் கிடக்கும். மேல்குச்சியில் கட்டினால் பாரமெல்லாம் ஆள்காட்டி விரலுக்கு, காற்றோ போன திக்கில் போகும். ஆகவே கீழ்க்குச்சிதான். நுனியிலிருந்து 10 முதல் 12 சென்டிமீட்டர் தள்ளி, விரல்களுக்குச் சற்று முன்னால் வையுங்கள். அச்சு குச்சிக்கு இணையாக இருக்கட்டும். கிண்ணத்தை நோக்கிக் கவிழ்ந்தால் குழம்பு சட்டையில் தெறிக்கும். காற்று நுனிப் பக்கம் போகாமல் கைப்பக்கம் வந்தால் ஒயர் இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் போதும். இறக்கை மெல்லிய நுரைத்தாளில் இருக்கட்டும், விரல் பட்டாலும் வெட்டாது.

உருக்கி ஒட்டும் சூட்டுப் பசையை நம்பாதீர்கள். ராமென் ஆவியில் அது இளகி, மோட்டார் கிண்ணத்துக்குள் குளிக்கப் போகும். சைக்கிள் டியூபில் வெட்டிய ரப்பர் துண்டை இடையில் வைத்து, இழுத்தால் இறுகும் பிளாஸ்டிக் பட்டையான கேபிள் டை இரண்டால் இறுக்குங்கள். ரப்பர் அதிர்வையும் குடித்துவிடும். கழுவும்போது கழற்ற வேண்டியிருக்கும், வெட்டி எடுத்துவிட்டு அடுத்த முறை புது டை போடுவதுதான் சுலபம்.

பசைக்குச்சி போலத் திருகித் தடவும் வெண்ணெய்க் குச்சியில் வேறு சிக்கல். பழைய பசைக் குப்பியைக் கழுவி எடுக்காதீர்கள், உணவுக்கு ஏற்ற புதுக் குப்பி வேண்டும். வெண்ணெயை உருக்கி ஊற்றினால் கொழுப்பு மேலே, பால்திடம் கீழே என்று பிரிந்து, அடித்தட்டின் ஓரமாக ஒழுகும். மெத்தென்று இளகிய வெண்ணெயைக் கரண்டியால் அழுத்தி, தட்டிக் காற்றை வெளியேற்றி, அரைமணி நேரம் குளிரூட்டுங்கள். வெண்ணெய் 32 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே உருகத் தொடங்கும். நம் ஊர் மே மாதத்தில் மேசைமேல் வைத்தால் திருகு நெய்தான்.

மூக்குக்கண்ணாடிச் சட்டத்தில் புனல் வைத்துக் கண்மருந்து விடும் கருவியைச் செய்யலாம், ஆனால் மருந்து ஊற்றிச் சோதிக்க வேண்டாம். ஒரு சொட்டு சுமார் 0.05 மில்லி. அதில் பெரும்பங்கு புனல் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும், மிச்சம் அங்கிருக்கும் அழுக்கையும் சேர்த்துக் கண்ணுக்குக் கொண்டுபோகும்.

ஆபாசம், பிரசாரம் இரண்டும் கூடாது என்பது விதி. அதில் பெரிய குழப்பம் வருவதில்லை. விற்கக் கூடாது, காப்புரிமை கோரக் கூடாது என்பதில்தான் ஆசை வந்து குறுக்கே நிற்கிறது. கேமராவை நீட்டித் தன்னையே படமெடுக்கும் குச்சி, 1995-ல் ஆங்கிலத்தில் வந்த சிந்தோகுத் தொகுப்பில் வேடிக்கைப் பொருளாக இடம்பெற்றது. அதற்கு முன்பே, 1983-ல், மினோல்டா நிறுவனத்தின் ஹிரோஷி உவேதா அப்படியொரு குச்சிக்குக் காப்புரிமைக்கு விண்ணப்பித்திருந்தார். இன்று சுற்றுலாத் தலங்களில் செல்ஃபி குச்சி என்று கூவி விற்கிறார்கள். சிந்தோகுக் கணக்கில் அது ஃபெயில். உங்கள் விசிறிச் சாப்ஸ்டிக்கைப் பார்த்து யாராவது “என்ன விலை?” என்று கேட்டால், முதல் வேலையாகப் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.