மூளை ரத்த ஓட்ட ஸ்கேன்: ரிப்போர்ட்டைப் பார்த்ததும் செய்யும் தவறுகள்

அம்மாவுக்கு அல்சைமராக இருக்குமோ என்ற சந்தேகத்தில் மூளையின் ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்பெக்ட் ஸ்கேன் எடுத்த வீடுகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "மூளைக்கு ரத்தம் சரியா போகலையாம், அதான் மறதி." குழாயில் அடைப்பு, எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை அதில் ஒளிந்திருக்கிறது. பாவம், அதுதான் முதல் தவறு.

உடல் எடையில் மூளை 2 சதவீதம்தான். இதயம் அனுப்பும் ரத்தத்தில் சுமார் 15 சதவீதம் அங்கே போகிறது. அதிலும் வேலை நடக்கும் பகுதிக்கே அதிகம். அல்சைமரில் நரம்பு செல்கள் நலிந்து அந்தப் பகுதியின் வேலை குறைவதால், ரத்த வரத்தும் பெரும்பாலும் குறைந்துவிடுகிறது. ரத்தக்குழாய் பழுதும் பலருக்குக் கூடவே இருக்கும். பிரஷரையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைக்கச் சொல்வது அதனால்தான். அதற்காக 'ரத்த ஓட்ட மாத்திரை' தேடி அலைய வேண்டாம். அமெரிக்காவில் 3,069 முதியவர்களிடம் ரத்த ஓட்டத்துக்கு நல்லது என்று விற்கப்படும் ஜின்கோ மர இலைச் சாற்றைச் சோதித்தார்கள். அது மறதி நோயைத் தடுக்கவில்லை என்று 2008-இல் முடிவு வந்தது.

படத்தில் ஓட்டம் குறைவு என்று நீலமாகத் தெரியும் இடம் செத்துப்போன இடமும் அல்ல. நிறங்கள் கணினி கொடுப்பவை. இரண்டு மருத்துவமனைப் படங்களை அருகருகே வைத்து நிறத்தை ஒப்பிட்டு அழாதீர்கள்.

அப்புறம், ஸ்கேன் நாள். ஊசியில் ஏற்றும் டெக்னீசியம் என்ற லேசான கதிரியக்க மருந்து ஓரிரு நிமிடத்தில் மூளையில் தங்கிவிடும். படம் பிறகு எடுத்தாலும், அதில் பதிவது அந்த நிமிடங்களின் ரத்த ஓட்டம்தான். அந்த நேரத்தில் பேச்சுக் கொடுப்பதும் போனை நீட்டுவதும் படத்தை மாற்றும். ஆறுதல் சொல்வதானால் ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். காபி மூளை ரத்தக்குழாய்களைச் சுருக்கும், அன்று காலை வேண்டாம். சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலைக் கொடுங்கள். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

படத்தை மட்டும் வைத்து நோய்க்குப் பெயர் வைப்பதுதான் பெரிய தவறு. அல்சைமரில் பொதுவாக மூளையின் பக்கவாட்டிலும் பின்மேல் பகுதியிலும் ஓட்டம் குறையும். லூயி பாடி என்ற இன்னொரு வகை மறதி நோயில் பின்புறப் பார்வைப் பகுதியிலும் குறையலாம். ஆனால் ஆரம்பக் கட்டத்தில் படம் சாதாரணமாகவே இருக்கலாம். மனச்சோர்வும் ஓட்டத்தைக் குறைக்கும். தைராய்டு, பி12 பரிசோதனையும் நினைவாற்றல் தேர்வும் இல்லாமல் ஸ்கேனுக்கு ஓடாதீர்கள். மருத்துவரிடம் போகும்போது ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள்: அம்மா எப்போதிலிருந்து, எதை மறக்கிறார், அடுப்பை அணைக்க மறந்தது எத்தனை முறை, வழி தவறியது எந்தத் தெருவில்.