சோவியத் டாங்கி டிவிஷனின் வரலாற்றைத் தேடிப் பிடிப்பது எப்படி?

சோவியத் டாங்கிப் படைகளைப் பற்றித் தேடத் தொடங்குகிறவர்கள் முதலில் எண்ணைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். '4ஆவது டாங்கி டிவிஷன்' என்று தட்டுகிறார்கள், வருவதையெல்லாம் ஒரே கோப்பில் போடுகிறார்கள். அப்புறம் பார்த்தால், 1941 கோடையில் பியாலிஸ்டாக் பக்கம் அழிந்துபோன படையும் 1993 அக்டோபரில் மாஸ்கோவில் நாடாளுமன்றக் கட்டடத்தைச் சுட்ட படையும் ஒன்றாகிவிடுகின்றன. எண்ணைத் தவிர அவை இரண்டுக்கும் எந்த உறவும் கிடையாது.

நான் 35இல் ஒரு பங்கு அளவில் பிளாஸ்டிக் டாங்கி மாடல் செய்கிறவன். டரெட்டில், அதாவது பீரங்கி பொருத்திய சுழலும் மேல்பகுதியில், எந்த எண்ணை ஒட்டுவது, எந்தக் குறியை வரைவது என்ற கேள்விதான் என்னை இதற்குள் இழுத்துவிட்டது. ஆவடிக்காரன் என்பதால் டி-72 எனக்கு அந்நியமில்லை. அதை இங்கேதான் உரிமம் வாங்கிச் செய்தார்கள். ஆனால் ஒரு வண்டியைத் தெரிந்துகொள்வது வேறு, அதை ஓட்டிப்போன படையைத் தெரிந்துகொள்வது வேறு. இரண்டாவதை எப்படிச் செய்வது என்று ஒரே ஒரு டிவிஷனை வைத்துக் காட்டுகிறேன்: கந்தெமீரவ்கா டிவிஷன். முழுப்பெயர் நீளம்: 4ஆவது கார்ட்ஸ் கந்தெமீரவ்கா, லெனின் விருது, செங்கொடி விருது பெற்ற, யூரி அந்திரோப்பவ் பெயர் தாங்கிய டாங்கி டிவிஷன்.

இந்த நீளப் பெயரைப் பார்த்து அலுத்துக்கொள்ளாதீர்கள். வேலையில் பாதி அதிலேயே இருக்கிறது. ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொரு தேதியில் வந்து சேர்ந்தது. எனவே முதல் வேலை, பெயரைத் துண்டு துண்டாக வெட்டி, எது எப்போது ஒட்டியது என்று எழுதுவது. சோவியத் தலைவர் அந்திரோப்பவின் பெயர் 1984இல், அவர் இறந்த பிறகு வந்தது. 'டிவிஷன்' என்பது 1945 கோடையில் வந்தது. 'கார்ட்ஸ்', அதாவது சண்டையில் சிறந்து நின்ற படைக்குத் தரும் சிறப்புத் தகுதி, 1943 ஜனவரி 2. 'கந்தெமீரவ்கா' என்ற ஊர்ப்பெயரும் அப்போதே. இப்படிப் பின்னோக்கிப் போனால் கடைசியில் கையில் நிற்பது, 1942 ஜூனில் ஸ்டாலின்கிராடு பகுதியில் உருவாக்கப்பட்ட 17ஆவது டாங்கி கோர் (பல பிரிகேடுகள் சேர்ந்த படை). அதுதான் வேர். வேரில் '4' என்ற எண்ணே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

அப்படியானால் 4 எங்கிருந்து வந்தது? கார்ட்ஸ் தகுதி கிடைத்ததும் பழைய எண் போய்விடும். புது எண் வரிசைப்படி கிடைக்கும். ஸ்டாலின்கிராடு காலத்து டாங்கி கோர்களைப் பாருங்கள். 1942 டிசம்பர் 8இல் 26ஆவது கோர், 1ஆவது கார்ட்ஸ் ஆனது. டிசம்பர் 26இல் 24ஆவது கோர், 2ஆவது கார்ட்ஸ். டிசம்பர் 29இல் 7ஆவது கோர், 3ஆவது கார்ட்ஸ். ஜனவரி 2இல் நம்முடைய 17ஆவது கோர், 4ஆவது கார்ட்ஸ். பிப்ரவரி 7இல், தளபதி கிரவ்ச்சென்கோவின் 4ஆவது கோர் 5ஆவது கார்ட்ஸ் ஆகிவிட்டது! ஆக, 4ஆவது டாங்கி கோரும் 4ஆவது கார்ட்ஸ் டாங்கி கோரும் வேறு வேறு.

இந்த நாலாம் எண் படுத்தும் பாடு இதோடு முடியவில்லை. தளபதி கத்துகோவின் 4ஆவது டாங்கி பிரிகேட் 1941 நவம்பரில் 1ஆவது கார்ட்ஸ் பிரிகேட் ஆனது. 1944 ஜூலை 3 அன்று மின்ஸ்க் நகருக்குள் நுழைந்த 4ஆவது கார்ட்ஸ் டாங்கி பிரிகேட், 2ஆவது கார்ட்ஸ் கோரைச் சேர்ந்தது. லெல்யுஷென்கோவின் 4ஆவது டாங்கி ஆர்மி என்று இன்னொன்று. அதுவும் 1945 மார்ச்சில் கார்ட்ஸ் ஆனது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்தால் அங்கே ரத்த உறவாவது இருக்கும். செம்படை எண்களில் அதுவும் இல்லை. அதனால் எண்ணை ஒட்டி 'கார்ட்ஸ்' இருக்கிறதா, கடைசியில் நிற்பது பிரிகேடா கோரா டிவிஷனா, என்ன ஆண்டு என்று மூன்றும் தெரியாமல் எதையும் குறிப்பேட்டில் ஏற்றாதீர்கள்.

இங்கே ஒரு சந்தேகம் வரும்: 1942 முதல் 1945 வரை டிவிஷனையே காணோமே? காரணம் எளிது. போர் தொடங்கியபோது ஒரு டாங்கி டிவிஷனுக்குக் காகிதத்தில் 375 டாங்கிகள். அந்தப் பெரிய உருவத்தை நடத்தத் தேவையான வானொலியும் லாரியும் பழகிய தளபதிகளும் இல்லை. 1941 முடிவதற்குள் பெரும்பாலானவை அழிந்தன அல்லது கலைக்கப்பட்டன. மிஞ்சிய ஆட்களையும் வண்டிகளையும் வைத்துச் சிறு பிரிகேடுகள் அமைத்தார்கள். 1942 வசந்தத்தில் அந்தப் பிரிகேடுகளைச் சேர்த்து டாங்கி கோர்கள் உருவாயின. பெயர்தான் கோர், ஆள் கணக்கிலும் வண்டிக் கணக்கிலும் மற்ற நாடுகளின் டிவிஷன் அளவுதான். போர் முடிந்ததும் பெயரை அளவுக்கு ஏற்ப மாற்றினார்கள்: கோர் டிவிஷன் ஆனது, பிரிகேட் ரெஜிமென்ட் ஆனது.

இந்த மாற்றத்தை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிவையுங்கள். நம் டிவிஷனுக்கு அது இப்படி இருக்கும்: 17ஆவது கோரின் 66, 67, 174ஆவது டாங்கி பிரிகேடுகளும் 31ஆவது மோட்டார் காலாட்படை பிரிகேடும், 1943இல் முறையே 12, 13, 14ஆவது கார்ட்ஸ் டாங்கி பிரிகேடுகளாகவும் 3ஆவது கார்ட்ஸ் மோட்டார் காலாட்படை பிரிகேடாகவும் மாறின. 1945க்குப் பிறகு ரெஜிமென்ட்கள். அந்த மோட்டார் பிரிகேடின் வாரிசு பின்னாளில் 423ஆவது ரெஜிமென்ட் என்று எண் மாறியது. எண் மாறினாலும் 'யாம்பில்' என்ற ஊர்ப்பெயர் அதோடு ஒட்டிக்கொண்டே வந்தது. பிடித்துக்கொள்ள வேண்டியது அதைத்தான். கொடி, விருது, ஊர்ப்பெயர் மூன்றும் படையோடு போகும். எண் அலுவலகத்தோடு போகும். செம்படை விதிப்படி கொடியைப் பறிகொடுத்த படை கலைக்கப்படும். ஆளெல்லாம் செத்தாலும் கொடி மிஞ்சினால் படை உயிரோடு இருப்பதாகத்தான் கணக்கு.

அடுத்தது வரைபடம். ஊர்ப்பெயர்களை வரிசையாக வைத்தாலே பாதை தெரியும்: கந்தெமீரவ்கா, செப்பெத்தீவ்கா, யாம்பில். 12, 13ஆவது பிரிகேடுகளுக்கு செப்பெத்தீவ்கா பெயர் 1944 பிப்ரவரிச் சண்டையால் கிடைத்தது. யாம்பிலில் மட்டும் நிதானம் தேவை. உக்ரைனில் யாம்பில் என்ற பெயரில் பல ஊர்கள் உண்டு. டினீஸ்டர் ஆற்றங்கரை யாம்பில்தான் பிரபலம்; 1944 மார்ச்சில் அங்கேயும் சண்டை நடந்தது. ஆனால் அங்கே போனது 2ஆவது உக்ரைனிய முனை ('முனை' என்பது பல ஆர்மிகள் சேர்ந்த பெரும்படை). நம் கோர் அப்போது 1ஆவது உக்ரைனிய முனையில், வடக்கே 60ஆவது ஆர்மியோடு இருந்தது. எனவே இது செப்பெத்தீவ்காவுக்குத் தென்மேற்கே, இன்றைய ஹ்மெல்னித்ஸ்கி மாகாணத்தில் உள்ள சிறிய யாம்பில். ஊர் இரண்டாக வந்தால், படை அந்த வாரம் எந்த ஆர்மியின் கீழ் இருந்தது என்று பார்ப்பதுதான் வழி. பெயர் மாறிய ஊர்களையும் குறித்துவையுங்கள்: 1943இன் கிரஸ்னஅர்மேய்ஸ்கொயே இன்று பக்ரோவ்ஸ்க்.

சரி, இனி ஆவணம். பாமியத் நரோதா, போத்விக் நரோதா என்று ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகத்தின் இரண்டு இணையதளங்கள் இருக்கின்றன. மாஸ்கோவுக்குத் தெற்கே பொதோல்ஸ்க் நகரில் உள்ள ராணுவ ஆவணக் காப்பகத்தின் தாள்களை ஸ்கேன் செய்து போட்டிருக்கிறார்கள். முதலாவதில் போர் நாட்குறிப்புகள், அறிக்கைகள், வரைபடங்கள். இரண்டாவதில் விருதுத் தாள்கள். ரஷ்ய மொழி தெரிய வேண்டியதில்லை. எழுத்துகளைப் பழகினால் போதும், மற்றதை மொழிபெயர்ப்புச் செயலி பார்த்துக்கொள்ளும். சுருக்கெழுத்துகளை மட்டும் நீங்களே படிக்க வேண்டும், ஏனென்றால் செயலி அங்கேதான் உளறும். தெ-கா என்றால் டாங்கி கோர், தெ-தெ என்றால் டாங்கி டிவிஷன், தெ-பெ-எர் என்றால் டாங்கி பிரிகேட், முன்னால் கெ-வெ இருந்தால் கார்ட்ஸ்.

எனக்குப் பிடித்தது விருதுத் தாள். மங்கிய தட்டச்சு, சில சமயம் கையெழுத்து. மேலே குடும்பப்பெயர், பெயர், தந்தை பெயர், பதவி, படை, என்ன விருதுக்குப் பரிந்துரை என்று இருக்கும். அப்புறம் எண்ணிட்ட கட்டங்கள்: பிறந்த ஆண்டு, இனம், கட்சி உறுப்பினரா, எந்த முனையில் எப்போதிலிருந்து சண்டையிட்டார், காயம் பட்டதா, எப்போது படையில் சேர்ந்தார், எந்த ஊர் ஆள்சேர்ப்பு அலுவலகம், முந்தைய விருதுகள், வீட்டு முகவரி. அதன் கீழே அவர் செய்த செயல் சில வரிகளில். பின்பக்கம்தான் சுவாரசியம். மேலதிகாரிகள் ஒவ்வொருவராக எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். கீழே ஒருவர் செங்கொடி விருது கேட்டிருப்பார், மேலே உள்ளவர் அதைச் செந்நட்சத்திரமாகக் குறைத்திருப்பார்.

இந்தத் தாளில் எதை நம்பலாம்? தேதி, ஊர், பதவி, காயம்: நம்பலாம். 'மூன்று டாங்கிகளை அழித்தார்' என்பதை அப்படியே எடுக்க வேண்டாம். பரிந்துரைக்கிறவர் கஞ்சத்தனமாகவா எழுதுவார்? ஆனால் 'முனையில் எப்போதிலிருந்து' என்ற கட்டத்தைப் பல தாள்களில் ஒப்பிட்டால், பழைய ஆட்கள் எத்தனை பேர் மிஞ்சினார்கள், புது ஆட்கள் எப்போது வந்து நிரம்பினார்கள் என்று பிடிபட்டுவிடும். எந்த நூலிலும் இப்படித் துல்லியமாகக் கிடைக்காது.

இழப்புக் கணக்குக்குத் தனிக் கவனம் வேண்டும். ஆட்களில் 'மீளா இழப்பு' என்பது இறந்தவர், காணாமல் போனவர், சிறைப்பட்டவர். காயம்பட்டவர் வேறு பத்தியில் வருவார். டாங்கிகளில் 'எரிந்தது' வேறு, 'அடிபட்டது' வேறு. அடிபட்டது பட்டறைக்குப் போய்த் திரும்பி வந்து மறுபடியும் அடிபடலாம்; அதே வண்டி இரண்டு முறை எண்ணப்படும். நீங்கள் பார்க்க வேண்டியது, அன்று ஓடும் நிலையில் எத்தனை என்ற பத்தி.

இதைப் பழக 1943 பிப்ரவரி நல்ல இடம். கந்தெமீரவ்கா வெற்றியை எல்லா நூலும் சொல்லும்: 1942 டிசம்பர் 16இல் தாக்குதல் தொடங்கியது, இத்தாலிய 8ஆவது ஆர்மியின் வரிசை உடைந்தது, 19ஆம் தேதி கோர் தளபதி பவேல் பொலுபொயாரவின் டாங்கிகள் ஊருக்குள் நுழைந்து வரோனேஷ்–ரஸ்தோவ் ரயில்பாதையை அறுத்தன. அடுத்த அத்தியாயத்தைத்தான் விழா மலர்கள் ஒரு வரியில் தாண்டும். பிப்ரவரி 11இல் அதே கோர் கிரஸ்னஅர்மேய்ஸ்கொயேயைப் பிடித்து ஜெர்மானியரின் முக்கிய ரயில்பாதையை மறித்தது. ஜெர்மானியரின் எதிர்த்தாக்குதலில் எரிபொருளும் குண்டும் ஆளும் இல்லாமல் தேய்ந்துபோனது. இந்த வாரத்தின் சோவியத் அறிக்கைகளை மட்டும் படித்தால் போதாது. எதிரே நின்ற ஜெர்மன் டிவிஷன்களின் நாட்குறிப்புகள் அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் மைக்ரோஃபிலிமில், டி-315 என்ற வரிசையில் இருக்கின்றன. கோர் அளவுக்கு டி-314. இரண்டையும் ஒரே தேதியில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இரு தரப்பும் ஒத்துப்போகிற இடம் உறுதி. முரண்படுகிற இடத்தில் முரண்பாட்டையே எழுதுங்கள். விழா மலரை நான் கடைசியில்தான் திறப்பேன், அதுவும் படங்களுக்காக.

1944–45ஐ வேகமாகக் கடக்கலாம்: லிவீவ், துக்லா கணவாய், 1945 ஜனவரி 19இல் கிராக்கோவ், கடைசியில் பிராக் நடவடிக்கை. பொலுபொயாரவ் போர் முடியும்வரை மாறவே இல்லை. இப்படி ஒரே தளபதி நீடித்த கோரில் ஆவணங்களின் கையெழுத்தும் நடையும் சீராக இருக்கும், படிக்கச் சுலபம்.

போருக்குப் பிறகு டிவிஷன் மாஸ்கோவுக்குத் தென்மேற்கே நரோ-ஃபமீன்ஸ்க்கில் குடியேறியது. தலைநகருக்குப் பக்கத்தில் இருந்ததால் செஞ்சதுக்க அணிவகுப்பு அதன் வழக்கமான வேலை. அமைப்பும் சாதாரண சோவியத் டாங்கி டிவிஷன்தான்: மூன்று டாங்கி ரெஜிமென்ட், ஒரு மோட்டார் காலாட்படை ரெஜிமென்ட். மோட்டார் காலாட்படை டிவிஷனில் இது தலைகீழாக இருக்கும். இந்தக் காலத்துக்கு ஆவணம் மெலிவு. செய்தித்தாள், படங்கள், பணியாற்றியவர்களின் நினைவுகள்தான். படங்களில் டாங்கி மாதிரியைப் பார்த்தால் ஆண்டை ஓரளவு கணிக்கலாம்.

எங்கே நிறுத்துவது என்பது உங்கள் முடிவு. 1991 ஆகஸ்ட் ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சியில் மாஸ்கோ தெருக்களுக்கு வந்தது சோவியத் படை. 1993 அக்டோபர் 4இல் பாலத்தில் நின்று சுட்டது ரஷ்யப் படை, அதே கொடி. 2009இல் பிரிகேடாகச் சுருங்கி 2013இல் மறுபடி டிவிஷன் ஆனது. 2022 மார்ச்சில் அதன் பிரிவுகள் வடகிழக்கு உக்ரைனின் திரஸ்தியானெத்ஸ் ஊரைவிட்டு ஓடியபோது வண்டிகளை விட்டுச் சென்றன. 1943 ஆகஸ்டில் இதே கோர் சண்டையிட்ட ஒக்தீர்கா அதற்கு அடுத்த ஊர். 'சோவியத்' என்று தலைப்பு வைத்தால் 1991இல் கோடு போடுங்கள், ஆனால் கோட்டுக்குக் கீழே இந்த வரிகளையும் சேர்த்துவிடுங்கள் என்பேன்.

ஒவ்வொரு தாளுக்கும் காப்பகத்தின் நான்கு எண்களையும் அன்றைக்கே எழுதிவையுங்கள்: தொகுதி, பட்டியல், கோப்பு, தாள். ரஷ்யர்கள் ஃபோண்ட், ஓப்பிஸ், தேலோ, லிஸ்ட் என்பார்கள். பிறகு தேடிக்கொள்ளலாம் என்று விட்டால் கிடைக்காது. பழகிப் பார்க்க அடுத்து 24ஆவது டாங்கி கோரை எடுங்கள். தளபதி பதானவ், அவர் தாக்கிய தத்சீன்ஸ்கயா விமானதளம், 1942 டிசம்பர் 24. தத்சீன்ஸ்கயா என்ற பெயரைப் பிடித்துக்கொண்டு மின்ஸ்க் வரை வாருங்கள்.