சர்க்கரையும் இரத்த அழுத்தமும்: விவரம் தெரியாமல் செய்யும் தவறுகள்

நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ வந்துவிட்டால் அதை மருத்துவர் பார்த்துக்கொள்வார் என்றுதான் நம்மில் பெரும்பாலோர் இருந்துவிடுகிறோம். மருத்துவர் நம்மைப் பார்ப்பது மாதத்தில் சில நிமிடங்கள்தான். மற்ற நாள்களில் மாத்திரையை எடுத்துக் கொடுப்பதும், குழம்பில் உப்பைக் குறைப்பதும், ஊசியில் மருந்தை ஏற்றுவதும் நோயாளியும் வீட்டாருமே. மருந்துச்சீட்டைப் புரிந்துகொள்வது, பரிசோதனை அறிக்கையிலுள்ள எண் எதைச் சொல்கிறது என்று அறிவது, விளங்காததைத் தயங்காமல் கேட்பது ஆகியவற்றைச் சேர்த்தே நலவாழ்வு எழுத்தறிவு என்கிறார்கள். பள்ளிப் படிப்பு மட்டும் இதற்குப் போதாது. பட்டம் பெற்றவர்கள் வீட்டிலும் கீழே சொல்லும் தவறுகள் அன்றாடம் நடக்கின்றன. இந்தியாவில் ஏறக்குறைய 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. ஆகவே இது யாரோ சிலருடைய கவலை அல்ல.

பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாள் மட்டும் வாயைக் கட்டுவது பலருக்கும் வழக்கம். வெறும்வயிற்றுச் சர்க்கரை அதனால் சற்றுக் குறைவாகத் தெரியலாம். ஆனால் ஹெச்பிஏ1சி என்ற பரிசோதனையில் அது பலிக்காது. இரத்தச் சிவப்பணுக்கள் சுமார் 120 நாள் உயிரோடு இருக்கின்றன. அவற்றிலுள்ள ஹீமோகுளோபினில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதை அளப்பதால், ஏறத்தாழ மூன்று மாதக் கணக்கு அந்த ஒரே எண்ணில் வந்துவிடுகிறது. 6.5 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவு, 5.7 முதல் 6.4 வரை என்றால் அதன் வாசலில் நிற்கிறோம் என்று பொருள். இந்த வாசலில் நிற்பவர்கள்தான் நடையாலும் உணவாலும் நோயைத் தள்ளிப்போடவோ தவிர்க்கவோ கூடியவர்கள். அவர்களில் பலர் "பார்டர்லதான் இருக்கு" என்று சொல்லி அறிக்கையை மடித்து வைத்துவிடுவது பெரிய இழப்பு. கனடாவிலோ பிரிட்டனிலோ உள்ள உறவினர் தமக்கு இரத்தச் சர்க்கரை 8 என்று சொன்னால் குழம்ப வேண்டாம். அங்கு அதை மில்லிமோல் கணக்கில் அளக்கிறார்கள், இங்கு மில்லிகிராம் கணக்கில். அந்த எண்ணை 18ஆல் பெருக்கினால் நம் ஊர்க் கணக்குக்கு 144 வரும்.

அளவு சரியாகிவிட்டதென்று மாத்திரையை நிறுத்துவது அடுத்த தவறு. அளவைச் சரியாக்கியதே மாத்திரைதான். இரத்த அழுத்தத்தில் இது இன்னும் ஆபத்தானது, ஏனென்றால் பெரும்பாலும் அது எந்த அறிகுறியையும் காட்டாமலே இதயத்தையும் சிறுநீரகத்தையும் மூளையின் இரத்தக் குழாய்களையும் கெடுத்துக்கொண்டிருக்கும். தலை சுற்றினால்தான் பிரஷர் என்று நம்பியிருந்தவர், பக்கவாதம் வந்த பிறகே தமக்கு நெடுநாளாக அழுத்தம் இருந்ததை அறிகிறார்.

இன்சுலின் ஊசி விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். என் அம்மாவுக்கு ஒரு முறை பத்து நாளாகச் சர்க்கரை இறங்கவே இல்லை. சாப்பாட்டைக் குறை சொன்னோம், அவரைக் கடிந்தும் கொண்டோம். பிறகுதான் ஊசியின் மூடி சிவப்பிலிருந்து ஆரஞ்சுக்கு மாறியிருந்ததைக் கவனித்தோம்; மருந்துக் கடையில் கொடுத்ததை அப்படியே வாங்கி வந்திருந்தோம். நம் நாட்டில் புட்டியில் வரும் இன்சுலின் ஒரு மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என இரண்டு செறிவுகளில் கிடைக்கிறது. 40க்குச் சிவப்பு மூடி ஊசி, 100க்கு ஆரஞ்சு மூடி ஊசி. 40 யூனிட் புட்டியிலிருந்து ஆரஞ்சு மூடி ஊசியில் 20 என்ற கோடுவரை இழுத்தால் உடம்புக்குள் போவது 8 யூனிட்தான். தலைகீழாக, 100 யூனிட் புட்டியிலிருந்து சிவப்பு மூடி ஊசியில் அதே 20 கோடுவரை இழுத்தால் 50 யூனிட் போய்விடும். சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி உயிருக்கே ஆபத்தாகும். புட்டியின் எண்ணும் ஊசியின் எண்ணும் ஒன்றுதானா என்று ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பார்த்தால் போதும். அம்மாவைக் கடிந்துகொண்டது இன்றும் எனக்கு வருத்தம்.

மாத்திரையைப் போட்டுவிட்டு விரதம் இருப்பதும் இதே வகை ஆபத்து. கிளிமிபிரைட் போன்ற மாத்திரைகளும் இன்சுலினும் வயிற்றில் உணவு இல்லாவிட்டாலும் சர்க்கரையை இறக்கிக்கொண்டேதான் இருக்கும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, தடுமாறிய பேச்சு ஆகியவை தெரிந்து அளவு 70க்குக் கீழே இருந்தால், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி அளந்து பார்க்க வேண்டும். நினைவில்லாதவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே 108ஐ அழைக்க வேண்டும். கிருத்திகையோ ரமலானோ, நோன்புக்கு முன்பே மருத்துவரிடம் பேசி மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ள முடியும்.

உணவில் பெயரை மாற்றி ஏமாறுகிறோம். நாட்டுச்சர்க்கரையும் கருப்பட்டியும் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். சோற்றுக்குப் பதில் ஐந்து சப்பாத்தி சாப்பிட்டால் பலன் ஏதுமில்லை. இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடே. ஒரு நாளைக்கு மொத்த உப்பு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கில் ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் அடங்கும்.

மூட்டு வலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்லோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகளைப் பலர் மருந்தாகவே கருதுவதில்லை. அதனால் மருத்துவர் என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கும்போதும் சொல்வதில்லை. ஏற்கெனவே சர்க்கரையும் அழுத்தமும் பாதித்த சிறுநீரகத்துக்கு இவை பெருஞ்சுமை. சர்க்கரையால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் கால் ஆணியைப் பிளேடால் தாமே அறுப்பதும், சுடுமணலில் வெறுங்காலோடு நடப்பதும் ஆறாத புண்ணில் கொண்டுபோய் விடும்.

இவ்வளவுக்கும் நடுவே நாம் விடாமல் செய்யும் தவறு, புரியாமலே தலையாட்டுவது. சீட்டில் 1-0-1 என்றிருந்தால் காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று என்பது சிலருக்குத் தெரியாது, கேட்கவும் கூச்சம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரையோடு வீட்டுக்கே வரும் தன்னார்வலரிடம் மாத்திரையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிடாமல், புரியாததைக் கேட்கலாம். மருத்துவமனையிலும் எழுந்து வருவதற்கு முன், "நான் புரிந்துகொண்டது சரியா என்று பாருங்கள், டாக்டர், இந்த வெள்ளை மாத்திரை காலையில் சாப்பாட்டுக்கு முன், இந்தப் பெரிய மாத்திரை இரவு சாப்பாட்டுக்குப் பின், ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடக் கூடாது" என்று நம் வாயால் ஒரு முறை திருப்பிச் சொன்னால், தவறு இருந்தால் அவர் அங்கேயே திருத்திவிடுவார்.