நெருங்கிய தோழிமேல் சந்தேகம் வந்தால்

படிப்பில் போட்டியாகி, தோழி வேண்டுமென்றே நோட்டை மறைக்கிறாளோ என்று தோன்றினால், பரீட்சை மார்க் வந்த அன்றைக்கே அவளிடம் அதைப் பேசாதீர்கள். கோபம் ஆற ஒரு ராத்திரியாவது வேண்டும். அதற்குள் ஒரு தாளை இரண்டாக மடித்து, இடப்பக்கம் நடந்ததை மட்டும் எழுதுங்கள்: "நோட்டைக் கேட்டேன், வீட்டில் இருக்கிறது என்றாள்." வலப்பக்கம் நீங்களாக நினைத்துக்கொண்டது: "நான் முந்திவிடக் கூடாதென்று மறைக்கிறாள்." பெரும்பாலும் வலப்பக்கம்தான் நீளும். சண்டை மூட்டுவதும் அதுதான்.

மூன்றாவது ஆளிடம் "அவள் ஏதாவது சொன்னாளா?" என்று விசாரிக்காதீர்கள். அந்தக் கேள்வி அவளிடம் போய்ச் சேரும்போது குற்றச்சாட்டாக மாறியிருக்கும். வாட்ஸ்அப்பில் ஜாடையாக ஸ்டேட்டஸ் போடுவதும் அதே ரகம்.

நேரில், தனியாக, பத்து நிமிஷம் போதும். பள்ளி விட்டு நடந்து போகும்போது கேட்பது நல்லது. எதிரெதிரே உட்கார்ந்தால் விசாரணை மாதிரி ஆகிவிடும். இடப்பக்கத்திலிருந்து ஒரே ஒரு சம்பவத்தை எடுங்கள். "நீ எப்பவுமே இப்படித்தான்" என்று தொடங்கினால் பழைய கணக்கெல்லாம் வெளியே வரும். "அன்னிக்கு நோட்டு கிடைக்கலன்னதும் கஷ்டமா இருந்துச்சு. என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அந்த மௌனம் சங்கடம்தான், அவசரப்பட்டு நிரப்பாதீர்கள்.

உங்களுக்குப் பொறாமை இருந்தால் அதையும் சொல்லிவிடலாம். பாதி இறுக்கம் அங்கேயே தளரும். அடுத்த பரீட்சைவரை மார்க் ஒப்பிடுவதை நிறுத்துங்கள். நோட்டு வாங்கினால் திருப்பித் தரும் நாளையும் அப்போதே பேசிக்கொள்ளுங்கள். மிரட்டல், கூட்டுச் சேர்ந்து ஒதுக்குவது என்று போனால் மட்டும் ஆசிரியரிடம் உடனே சொல்லுங்கள்.